பித்தப்பை அழற்சியில் ரத்தக்கசிவு: சிடியில் வெள்ளையாகத் தெரிவது ரத்தம்தானா? முதலில் குழாயா, எம்போலைசேஷனா, அறுவையா?

நள்ளிரவு_வார்டு எழுதியது:

வணக்கம் சீனியர்களே. அறுவைப் பிரிவுக்குப் புதிதாக வரும் எம்ஓக்களுக்காக (மருத்துவ அதிகாரிகள்) ஒரு பக்கக் குறிப்பு தயாராகிறது. கல் அடைத்து வரும் வழக்கமான பித்தப்பை அழற்சி எல்லாருக்கும் அத்துப்படி. பைக்குள் ரத்தம் கசியும் வகை வந்தால்தான் ராத்திரி ரெண்டு மணிக்கு யாரை முதலில் எழுப்புவது என்றே குழப்பம்.

மாதிரிக்கு இப்படி ஒரு நோயாளி என்று வைத்துக்கொள்வோம். 74 வயது, 60 கிலோ, வாரம் மூன்று முறை டயாலிசிஸ், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு (ஒழுங்கற்ற இதயத் துடிப்பு) ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின். வலது விலா ஓரத்தில் வலி, லேசான காய்ச்சல். ஹீமோகுளோபின் 10.2இலிருந்து 7.4க்கு இறங்கியிருக்கிறது. ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் எண்) 3.6, பிலிருபின் லிட்டருக்கு 58 மைக்ரோமோல். சிடி போர்ட்டல் வீனஸ் கட்டத்தில் (கான்ட்ராஸ்ட் மருந்து போர்ட்டல் சிரையை அடையும் நேரம்) மட்டும் எடுக்கப்பட்டது. பித்தப்பை வீங்கி, உள்ளே வெள்ளையாக இருக்கிறது. முந்தின நாள் வேறு இடத்தில் நெஞ்சுக்குக் கான்ட்ராஸ்ட் சிடி எடுத்ததாகப் பதிவு.

அந்த வெள்ளை ரத்தமா, பழைய கான்ட்ராஸ்ட்டா? ஐஎன்ஆரை எவ்வளவு வேகமாக இறக்குவது? குழாய் போட்டுப் பையை வடிப்பதா, ரத்தக்குழாயை அடைப்பதா (எம்போலைசேஷன்), நேராக அறுவைக்கா? பாடநூல் பட்டியல் கையில் இருக்கிறது. எங்கே சறுக்கும் என்பதுதான் வேண்டும்.

---

கதிர்_அறை எழுதியது:

முதல் கேள்விக்கு நான் வருகிறேன். சறுக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

கான்ட்ராஸ்ட் ஏற்றிய ஒரே கட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு "ரத்தம்" என்று எழுதவே கூடாது. சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அயோடின் கல்லீரல் வழியாகப் பித்தநீரில் இறங்கும். முந்தின நாள் ஏற்றிய மருந்து இன்று பித்தப்பையில் வெள்ளையாக நிற்பது அவர்களிடம் சாதாரணம். ஆகவே கேட்க வேண்டியது மூன்று கட்டம்: கான்ட்ராஸ்ட் இல்லாமல் ஒன்று, தமனிக் கட்டம் ஒன்று, 70 விநாடியில் போர்ட்டல் கட்டம் ஒன்று. படிவத்தில் "வயிற்று வலி" என்று மட்டும் எழுதி அனுப்பினால் போர்ட்டல் கட்டம் ஒன்றுதான் கிடைக்கும். "ஹீமோகுளோபின் இறங்குகிறது, வார்ஃபரினில் இருக்கிறார், பித்தப்பை ரத்தக்கசிவு சந்தேகம்" என்று எழுதுங்கள், படம் தானாக மாறும்.

எண்கள்: சாதாரண பித்தநீர் 0 முதல் 20 ஹவுன்ஸ்ஃபீல்டு (சிடியில் அடர்த்தியின் அளவு). உறைந்த ரத்தம் ஏறக்குறைய 45 முதல் 70. ஆனால் ஹீமோகுளோபின் 7இல் இருப்பவரின் ரத்தமே சிடியில் அடர்த்தி குறைந்துதான் தெரியும், அதனால் தனி எண்ணை நம்பாதீர்கள். கான்ட்ராஸ்ட் இல்லாத அதே படத்தில் பெருந்தமனிக்குள் ஒரு வட்டம், பித்தப்பைக்குள் ஒரு வட்டம் போட்டு ஒப்பிடுங்கள். பித்தப்பைக்குள் இருப்பது தமனி ரத்தத்தைவிட அடர்த்தியாக, ஒழுங்கில்லாமல், சுவரில் ஒட்டிக்கொண்டு இருந்தால் அது உறைகட்டி. ஒரே சீராக, கீழே படிந்து, மிக அதிக எண் காட்டினால் பழைய கான்ட்ராஸ்ட் அல்லது சுண்ணாம்புப் பித்தநீர் பக்கம் யோசியுங்கள்.

நீங்கள் சொன்ன நோயாளிக்கு முதல் சிடி இரட்டை ஆற்றல் கருவியில் எடுக்கப்பட்டிருந்தால் அதிர்ஷ்டம். அயோடினைக் கழித்துவிட்ட மெய்நிகர் படத்தை அதே தரவிலிருந்து எடுக்கலாம். கழித்த பிறகும் வெள்ளையாக இருந்தால் ரத்தம் அல்லது சுண்ணாம்பு, மறைந்துபோனால் மருந்து. மறுபடி எடுக்க வேண்டியிருந்தாலும் தயங்காதீர்கள். சிறுநீரே வராத டயாலிசிஸ் நோயாளிக்குச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிறேன் என்று கான்ட்ராஸ்ட்டை மறுப்பதில் அர்த்தமில்லை. ஆனால் கான்ட்ராஸ்ட் இல்லாத கட்டத்தை முதலில் பாருங்கள், மற்ற கட்டங்களை அது முடிவு செய்யட்டும்.

தமனிக் கட்டத்தில் தேடுவது இரண்டு. ஒன்று, பைக்குள் புள்ளியாகத் தொடங்கி போர்ட்டல் கட்டத்தில் பரவிப் பெருகும் வெள்ளை. அது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ரத்தம். இன்னொன்று, உருண்டையாக, ஓரம் தெளிவாக, எல்லாக் கட்டத்திலும் பெருந்தமனியின் அடர்த்தியையே பின்பற்றி, பரவாமல் நிற்பது. அது பித்தப்பைத் தமனியின் பொய்க் குருதிநாள வீக்கம். இரண்டாவது அமைதியாக இருப்பதுபோல் தெரியும், ஆனால் எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது.

அல்ட்ராசவுண்டை அலட்சியம் செய்யாதீர்கள். உறைகட்டி நிழல் போடாது, டாப்ளரில் ஓட்டம் காட்டாது. கட்டியாக ஒட்டிக்கொண்டு நிற்பதால் புற்றுநோய் என்று அறிக்கை போன கதைகள் உண்டு. டாப்ளர் அளவுகோலை மெதுவான ஓட்டத்துக்கு இறக்கி, வடிகட்டியையும் குறைத்துப் பாருங்கள். நுண்குமிழ் கான்ட்ராஸ்ட் இருந்தால் இன்னும் நல்லது. உறைகட்டி கடைசி வரை ஒளிராது, புற்று ஒளிரும். அந்த மருந்து சிறுநீரகத்தின் வழியாகப் போவதுமில்லை. பொய் வீக்கம் இருந்தால் டாப்ளரில் சிவப்பும் நீலமும் சுழன்று பாதி பாதியாக நிற்கும்.

---

மாத்திரைக்காரர் எழுதியது:

ஐஎன்ஆர் பகுதி என்னுடையது.

ஓடும் ரத்தம் அல்லது அவசரச் செயல்முறை என்றால் வைட்டமின் கே மட்டும் போதாது. சிரை வழியாக 5 முதல் 10 மி.கி., 50 மி.லி. திரவத்தில் கலந்து 20 முதல் 30 நிமிடத்தில் ஏற்றினாலும், வேலை தொடங்கவே நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். வேகமாகத் தள்ளினால் ஒவ்வாமை மாதிரி விழுந்துவிடுவார்கள். உடனடி வேலைக்கு நான்கு காரணி புரோத்ராம்பின் செறிவு (உறைவுக் காரணிகள் செறிந்த மருந்து). ஐஎன்ஆர் 2 முதல் 4க்குள் இருந்தால் கிலோவுக்கு 25 அலகு, 4 முதல் 6 வரை 35, 6க்கு மேல் 50. உங்கள் 60 கிலோ நோயாளிக்கு 1500 அலகு, ஏறக்குறைய 60 மி.லி. முடிந்து கால் மணியிலிருந்து அரை மணிக்குள் ஐஎன்ஆர் மறுபடி பார்க்கலாம். வைட்டமின் கேயை விட்டுவிட்டால் செறிவின் விளைவு தேய்ந்ததும் ஐஎன்ஆர் திரும்ப ஏறும், அதனால் இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஹெப்பாரினால் தட்டணு குறைந்த வரலாறு இருந்தால் குப்பியைப் படியுங்கள், சில தயாரிப்புகளில் ஹெப்பாரின் கலந்திருக்கும்.

உறைநிலைப் பிளாஸ்மா கிலோவுக்கு 10 முதல் 15 மி.லி. என்றால் இவருக்கு 600 முதல் 900 மி.லி. சிறுநீர் வராதவரின் நுரையீரலில் அது போய் நிற்கும். செறிவு கைவசம் இல்லாத இடத்தில்தான் அந்த வழி.

டயாலிசிஸ்காரர்களிடம் எல்லாரும் மறப்பது இது: ஐஎன்ஆர் சரியானாலும் தட்டணுக்கள் வேலை செய்யாது. சிறுநீரகம் வெளியேற்றாமல் ரத்தத்தில் தேங்கும் கழிவுகள்தான் காரணம். டெஸ்மோபிரெசின் கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராம், உப்புநீரில் கலந்து அரை மணி நேரத்தில். நான்கு முதல் எட்டு மணி நேரம் தாங்கும், அடுத்தடுத்துக் கொடுத்தால் பலன் குறைந்துகொண்டே போகும். செயல்முறைக்குச் சற்று முன்பு கொடுப்பதே புத்திசாலித்தனம். இதயத் தமனி நோய் இருந்தால் எச்சரிக்கை. அடுத்த டயாலிசிஸ் ஹெப்பாரின் இல்லாமல் என்று ஷீட்டில் பெரிதாக எழுதுங்கள்.

டயாலிசிஸ் முடிந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்றும் கேளுங்கள். சாதாரண ஹெப்பாரின் அரை ஆயுள் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம்தான், ஆறு மணி நேரம் கடந்துவிட்டால் புரோட்டமின் (ஹெப்பாரினை முறிக்கும் மருந்து) தேவைப்படாது. அதற்குள் இருந்தால் கடைசி இரண்டு மூன்று மணி நேரத்தில் போன ஒவ்வொரு 100 அலகுக்கும் 1 மி.கி., உச்சம் 50 மி.கி.

வார்ஃபரினுக்குப் பதிலாக டபிகாட்ரான் என்றால் இடாருசிசுமாப் 5 கிராம், 2.5 கிராம் வீதம் இரண்டு குப்பி. அபிக்ஸாபான், ரிவராக்ஸாபான் என்றால் மேலே சொன்ன செறிவுதான் கைகொடுக்கும்.

ரத்தக்கசிவை நிறுத்தத் தரும் டிரானெக்சாமிக் அமிலத்தைப் பழக்கத்தில் எழுதாதீர்கள். 2020இல் வந்த ஹால்ட்-ஐடி ஆய்வில் 12,000 பேரிடம் பார்த்தும் குடல் ரத்தப்போக்கில் இறப்பு குறையவில்லை, சிரை உறைவுதான் கூடியது. அதில் பித்தப்பை தனியாகப் பார்க்கப்படவில்லை என்பது உண்மை. அதற்காக இங்கே மட்டும் பலிக்கும் என்று நம்பவும் காரணம் இல்லை.

நம் ஊர் (சிங்கப்பூர்) விஷயம் ஒன்று. ஐஎன்ஆர் திடீரென ஏறினால் "வேறு மருந்து எடுக்கிறீர்களா" என்றால் "இல்லை" என்றே பதில் வரும். சீன மருந்துக் கடையிலிருந்து டான்ஷென், டாங்குய் போட்ட சூப் குடித்தாரா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், இரண்டும் வார்ஃபரினைத் தூக்கிவிடும். நாமே எழுதும் மெட்ரோனிடசோலும் தூக்கும். போதாததற்குச் சாப்பாடு இல்லை, பித்தநீர் குடலுக்குப் போகவில்லை, வைட்டமின் கே உறிஞ்சப்படவில்லை. இன்று 1.4 என்று சரியானது நாளை மறுநாள் 2.5 ஆக நிற்கும். குறைந்தது மூன்று நாளைக்குத் தினமும் பாருங்கள்.

---

சிராங்கூன்_கத்தி எழுதியது:

தம்பி, மூன்றாவது கேள்விக்கு ஒரே வரியில்: நோயாளி தாங்குவார் என்றால் பையை எடுத்துவிடு. தொற்றும் ரத்தமும் ஒரே பையில்தான் இருக்கின்றன, அதுவும் செத்துக்கொண்டிருக்கும் பை. சுவர் அழற்சியில் உட்சவ்வு அழுகி, தமனி அரித்து, அதனால்தான் ரத்தம். மருந்தும் செறிவும் வேகத்தைக் குறைக்கும், ஓட்டையை அடைக்காது.

குழாய் போட்டு வடிப்பது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் 8 பிரெஞ்சு (குழாயின் தடிமன் அளவு) குழாயில் உறைகட்டியை இழுப்பது கெட்டித் தயிரை ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற கதை. அதோடு பைக்குள் இருக்கும் அழுத்தமே கசிவை ஓரளவு அமுக்கி வைத்திருக்கிறது, அதை வடித்தால் மறுபடி பீறிடலாம். அதிக ஆபத்துள்ள நோயாளிகளில் லேப்ராஸ்கோப்பியையும் குழாயையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட சாக்லேட் ஆய்வு 2018இல் வந்தது. பெரிய சிக்கல்கள் அறுவையில் 12 சதவீதம், குழாயில் 65 சதவீதம். "வயசாயிடுச்சு, குழாய் போடுங்க" என்று சொல்லும் முன் அதை நினைவில் வைத்துக்கொள்.

அறுவையில் எங்கே தவறும்? வீங்கிய பையை ஊசி குத்தி வடித்துச் சுருக்குவது வழக்கம். இங்கே ஊசியில் ஒன்றும் வராது, எல்லாம் உறைகட்டி. மேல்நுனியைத் திறந்து 10 மி.மீ. உறிஞ்சுகுழாயால் எடுக்க வேண்டும், கல்லும் உறைகட்டியும் சிந்தாமல் அவற்றைப் போட்டு எடுக்கும் பிளாஸ்டிக் பை பக்கத்திலேயே தயாராக இருக்கட்டும். கலோட் முக்கோணம் (பித்தப்பைக் கழுத்தருகே நாளமும் தமனியும் ஓடும் இடம்) ஒட்டிக்கிடந்தால் பிடிவாதம் பிடிக்காதே. மேல்நுனியிலிருந்து இறங்கிவரும் பழைய வழி இந்த அழற்சியில் வலது கல்லீரல் தமனியையும் பித்தநாளத்தையும் சேர்த்துக் கிழிக்கும். பகுதி அகற்றம் செய்து வெளியே வருவது தோல்வியில்லை. தமனிக் கட்டத்தில் பொய் வீக்கம் தெரிந்திருந்தால் அது நீ பிரிக்கப்போகும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். பீறிட்டால் கண்மூடிக் கிளிப் போடாதே. அழுத்து, கல்லீரலுக்கு ரத்தம் போகும் வாசலைப் பத்துப் பதினைந்து நிமிடம் இறுக்கிப் பிடி, பார்த்துவிட்டுத் தை. இப்படிப்பட்டவரை முதலில் கதிர் அறைக்கு அனுப்பி எம்போலைஸ் செய்துவிட்டு, அதே நாளிலோ மறுநாளோ அறுவைக்கு எடுப்பது நல்லது.

நடுவில் சோலாஞ்சியோகிராம் (பித்தநாள எக்ஸ்ரே) எடு, பித்தநாளத்துக்குள் உறைகட்டி இறங்கியிருக்கலாம். எடுத்த பையைத் திசு ஆய்வுக்கு அனுப்ப மறக்காதே. ரத்தம் கசிந்த பையின் சுவரில் புற்று ஒளிந்திருப்பதுண்டு.

---

கதிர்_அறை எழுதியது:

அண்ணே, குழாயைப் பற்றிச் சொன்னதில் பாதிக்கு உடன்பாடு. சாக்லேட் ஆய்வில் ஐசியூவில் இருந்தவர்களையும் அப்பாச்சி மதிப்பெண் (நோயின் தீவிரத்தை அளப்பது) 15ஐத் தொட்டவர்களையும் சேர்க்கவில்லை. ரத்த அழுத்தத்துக்கு மருந்து ஓடிக்கொண்டிருக்கும் செப்டிக் நோயாளிக்கு அந்த 12 சதவீதத்தை நீட்டிக் காட்ட முடியாது.

என் கணக்கு இப்படி. ஓடும் ரத்தமோ பொய் வீக்கமோ தெரிந்தால் முதலில் தமனி, பிறகுதான் குழாய். தெரியவில்லை, தொற்றுதான் கொல்கிறது என்றால் ஐஎன்ஆர் 1.5ஐ ஒட்டி, தட்டணு 50,000க்கு மேல் வந்ததும் கல்லீரல் வழியாகக் குழாய். 8 பிரெஞ்சு அடைத்தால் 10 அல்லது 12க்கு மாற்றுவோம்.

எம்போலைசேஷனில் சீலியாக் தமனியை மட்டும் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று வெளியே வரக்கூடாது. வலது கல்லீரல் தமனி மேல் குடல்தாங்கித் தமனியிலிருந்து பிறப்பவர்கள் பத்தில் ஒருவருக்கும் மேல், அதனால் இரண்டிலும் மருந்து செலுத்திப் பார்க்க வேண்டும். நுண்குழாயைப் பித்தப்பைத் தமனிக்குள்ளேயே கொண்டுபோய் கம்பிச்சுருளோ ஜெலட்டின் நுரையோ பசையோ வைக்கலாம். பொய் வீக்கம் என்றால் முன்னும் பின்னும் அடைக்க வேண்டும், முன்புறம் மட்டும் அடைத்தால் பின்னாலிருந்து நிரம்பும். வலது கல்லீரல் தமனியையே அடைக்க வேண்டிவந்தால் போர்ட்டல் சிரை திறந்திருக்கிறதா என்று சிடியில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் அடைத்திருந்தால் கல்லீரல் பகுதி செத்துவிடும். ஆஞ்சியோவில் கசிவு தெரியாததால் கசிவு இல்லை என்று ஆகாது, விட்டுவிட்டுக் கசிவது இதன் வழக்கம். அடைத்த பிறகு பித்தப்பை அழுகலாம் என்பதால் "ரத்தம் நின்றது" என்று அறுவைப் பிரிவு கையைக் கழுவிவிடக்கூடாது என்பதையும் அன்போடு சேர்த்துக்கொள்கிறேன்.

---

நள்ளிரவு_வார்டு எழுதியது:

ரொம்ப நன்றி. இதே நோயாளிக்கு மலம் கறுப்பாகவும் போனால்? வழக்கமாக நாங்கள் குடல்புண் என்று நினைத்து ஓமெப்ரசோல் ஓட விட்டு, எண்டோஸ்கோப்பிக்கு வரிசையில் வைத்துவிடுவோம்.

---

பக்கப்_பார்வை எழுதியது:

குடல்புண் இருக்கக்கூடாது என்றில்லை, பார்க்கத்தான் வேண்டும். ஆனால் வலி, மஞ்சள் காமாலை, கறுப்பு மலம் மூன்றும் சேர்ந்தால் 1871இல் குவின்கே எழுதிய முக்கூட்டு. மூன்றும் ஒருசேர அமைவது சிறுபான்மைதான், இரண்டு இருந்தாலே சந்தேகப்படுங்கள். நேர்ப்பார்வை எண்டோஸ்கோப்பில் டியோடினத்தின் (முன்சிறுகுடல்) உட்பக்கச் சுவரில் இருக்கும் பாப்பிலா (பித்தநாளம் குடலில் திறக்கும் வாய்) சரியாகத் தெரியாது. வயிறு சுத்தம், ஆனால் இரண்டாம் பகுதியில் ரத்தம் என்றால் பக்கப்பார்வைக் கருவியை மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள். பாப்பிலாவிலிருந்து ரத்தம் சொட்டுவதைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

ஈஆர்சிபி (எண்டோஸ்கோப் வழியாகப் பித்தநாளத்துக்குள் போகும் முறை) ரத்தத்தை நிறுத்தாது, அடைப்பை எடுக்கும், அவ்வளவுதான். உறைகட்டி பித்தநாளத்தில் நின்று காய்ச்சலோடு காமாலை ஏறினால் பலூனால் துடைத்து எடுத்து, ஒரு ஸ்டென்ட் அல்லது மூக்கு வழிப் பித்தக்குழாய் வைப்போம். மூக்குக் குழாயில் அலசலாம், ரத்தம் மறுபடி வருகிறதா என்று வடிபையில் பார்க்கவும் செய்யலாம். ஐஎன்ஆர் இன்னும் 1.5க்கு மேல் என்றால் பாப்பிலா வாயை வெட்டாமல் ஸ்டென்ட் மட்டும் வைத்துவிட்டு வருவது மேல். அமைலேஸ், லிபேஸையும் அனுப்புங்கள், உறைகட்டி கணைய வாயை அடைத்தால் கணைய அழற்சியும் சேரும்.

---

வார்டு_அக்கா எழுதியது:

இரும்பு மாத்திரை சாப்பிடுபவரின் மலமும் கறுப்புதான். ஆனால் அது கெட்டியாக இருக்கும். ரத்தம் கலந்தது தார் மாதிரி ஒட்டும், நாற்றத்தில் தெரிந்துவிடும். "கறுப்பு மலம்" என்று மட்டும் எழுதாமல் எப்படிப்பட்டது என்று எழுதுங்கள் தம்பி.

குழாய் போட்டு வந்தவருக்கு: 5 முதல் 10 மி.லி. உப்புநீர் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, மெதுவாக. வலித்தாலோ எதிர்ப்பு இருந்தாலோ நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள், அழுத்தித் தள்ளினால் தொற்று ரத்தத்தில் ஏறும். கட்டி வருகிறதே என்று சிரிஞ்சால் பலமாக இழுக்காதீர்கள். காப்பி நிறமாக வருவது பழைய ரத்தம், எதிர்பார்த்ததுதான். திடீரென்று பளிச்சிவப்பாக வேகமாக வடிபை நிறைந்தால் குழாயை மூடிவிட்டு, எம்ஓவையும் கதிர் அறையையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். மூடினால் உள்ளே அழுத்தம் கூடும், கொஞ்ச நேரம் தாங்கும். குழாயை உருவவே கூடாது, பாதை வழியாக வயிற்றுக்குள் கொட்டும்.

ஒன்றுமே வராமல் நின்றால் "வடிந்து முடிந்தது" என்று எழுதிவிடாதீர்கள். கட்டி அடைத்திருக்கும். டயாலிசிஸுக்கான ஃபிஸ்டுலா இருக்கும் கையில் கேனுலா போடாதீர்கள், ரத்த அழுத்தப் பட்டையும் கட்டாதீர்கள். அவசரத்தில் இது நடக்கிறது.

குடும்பத்தார் யாராவது இதைப் படித்தால்: வார்ஃபரினை நீங்களே நிறுத்தாதீர்கள். வலது பக்க வலியோடு தார் மலமோ மஞ்சள் கண்ணோ வந்தால் பலதுறை மருந்தகத்தில் டோக்கன் எடுத்து உட்காராமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

---

நள்ளிரவு_வார்டு எழுதியது:

கடைசியாக ஒன்று. ரத்தம் ஏற்றும் எல்லை, ஆன்டிபயாட்டிக், வார்ஃபரினை மறுபடி தொடங்கும் நாள்?

---

மாத்திரைக்காரர் எழுதியது:

ரத்தம் 7க்குக் கீழே, இதய நோய் இருந்தால் 8க்குக் கீழே. ஆனால் ரத்தம் ஓடிக்கொண்டே இருந்தால் எண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஃபிப்ரினோஜென் லிட்டருக்கு 1.5 கிராமுக்குக் கீழே என்றால் கிரையோ (உறைவுப் புரதம் செறிந்த ரத்தப் பொருள்). ரத்தக் கல்ச்சர் எடுத்த பிறகு செஃப்ட்ரையாக்சோன் 2 கிராம் தினம் ஒருமுறை, மெட்ரோனிடசோல் 500 மி.கி. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. செப்டிக் அதிர்ச்சி என்றால் டயாலிசிஸ் அளவில் பிப்பரசிலின்-டசோபாக்டம். நம்மிடம் கிளெப்சியெல்லா அதிகம், கல்ச்சர் முடிவைத் துரத்திப் பிடியுங்கள்.

வார்ஃபரின்: சாதாரண ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றால் ரத்தம் நின்று ஏழு நாள் வரை விட்டுவைக்கலாம், அவசரமில்லை. இயந்திர மைட்ரல் வால்வு என்றால் அவ்வளவு நாள் விட முடியாது. 48 முதல் 72 மணி நேரத்தில் ஹெப்பாரின் சொட்டு, போலஸ் (முதலில் மொத்தமாகத் தள்ளும் அளவு) இல்லாமல், குறைந்த இலக்கோடு. ரத்தக்கசிவு திரும்பினால், நிறுத்திய சில மணி நேரத்தில் ஹெப்பாரினின் விளைவு இறங்கிவிடும், எனோக்ஸாபாரினில் அந்த வசதி கிடையாது, டயாலிசிஸ்காரருக்கு அது உடலில் தேங்கவும் செய்யும். புரோட்டமினாலும் அதை முழுதாக முறிக்க முடியாது. எந்த நாளில் தொடங்குவது என்பதை டிஸ்சார்ஜ் கடிதத்தில் தேதியாகவே எழுதுங்கள். "பிறகு தொடங்கவும்" என்று போனால் டயாலிசிஸ் நிலையத்தில் யாரும் தொடங்க மாட்டார்கள்.